அப்பாவை டெலீட் செய்த ஆடிக் கிருத்திகை

பெற்ற அப்பாவை எதிர்த்துப் பேசியவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. கோபித்துக்கொண்டு வீட்டை விட்டே போனவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் சொந்த அப்பாவை டெலீட் செய்தவள், நான் விசாரித்தவரை, நான் ஒருத்திதான். அவரோடு சேர்த்து இன்னும் நாற்பது ஐம்பது பேரையும் செய்ததால், ஓரவஞ்சனை என்று மட்டும் யாரும் என்னைச் சொல்ல முடியாது.

இது நடந்தது இரண்டாயிரத்து ஆறில். ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில், கார் கதவுகளுக்கு ரப்பர் பீடிங் செய்கிற கம்பெனி. என் அப்பா ஏழுமலை அங்கே ஷெட் போடும்போதே சேர்ந்தவர். ரப்பரை வேகவைக்கிற சூளைக்குப் பக்கத்தில் நின்று நின்று அவருக்கு முட்டி தேய்ந்திருந்தது. நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேனேஜர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்று எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கதவில் ‘கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்’ என்று எழுதியிருக்கும். டிபார்ட்மென்ட் என்றால் நான், ஒரு மேஜை, சத்தம் போடுகிற ஒரு ஃபேன்.

எனக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை, எந்தத் தொழிலாளி எந்த ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறுகிறார் என்று கம்ப்யூட்டரில் போடுவது. காலையில் கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் அதைப் பார்த்து டிக் அடித்து ஆளை உள்ளே விடுவார். இதற்கு நான் எடுத்துக்கொண்டது, புரோகிராம் எழுத உதவுகிற ரெயில்ஸ் என்ற புத்தம்புது ஃபிரேம்வொர்க். (“பஸ்ஸுக்குக் கேட்டா ரயில்னு சொல்றியேம்மா” என்றார் டிரான்ஸ்போர்ட் பார்க்கும் மோகன் அண்ணன்.) அதன் வீடியோ ஒன்றை வாலாஜாபாத் பிரவுசிங் சென்டரில் பார்த்திருந்தேன். அதில் ஒருவர் காபி ஆறுவதற்குள் ஒரு வெப்சைட்டைக் கட்டி முடித்திருந்தார்.

அந்த ஃபிரேம்வொர்க் ஒரு புகுந்த வீடு மாதிரி. அந்த வீட்டு வழக்கப்படி நடந்தால் பாதி வேலை தானாக நடக்கும். உதாரணமாக, ஒவ்வொரு பதிவிலும் ‘உருவான தேதி’ என்று ஒரு கட்டம் வைத்தால் போதும். புதிதாக ஒரு பெயரை ஏற்றியதும் அன்றைய தேதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். மற்றவர்கள் இந்த வசதியைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். எனக்கு மூளை கொஞ்சம் அதிகம். ‘தொழிலாளி வேலைக்குச் சேர்ந்த தேதிக்கு எதற்குத் தனியாக ஒரு கட்டம், இதையே வைத்துக்கொள்ளலாமே’ என்று தோன்றியது. பழைய ஆட்களின் தேதிகளை ஒரு முறை உள்ளே புகுந்து கையால் போட்டுவிட்டேன். இனி வருகிறவர்களுக்குத் தானாக விழும். ஒரு கட்டம் மிச்சம் என்று அன்று டீக்கடையில் எனக்கு நானே பஜ்ஜி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அடுத்தது இன்னும் பெரிய சாதனை. தொழிலாளிகளை அவரவர் டிபார்ட்மென்ட்டுக்குக் கீழே வைக்காமல், பஸ் ஸ்டாப்புக்குக் கீழே வைத்தேன். (முதலில் செய்த ஸ்கிரீன் பஸ் ஸ்டாப் ஸ்கிரீன்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.) ஒருநாள் ஒரு ஸ்டாப்பை எடுத்ததும், அதன் ஆட்கள் அநாதையாகி ஸ்கிரீன் முழுக்க எர்ரர் வந்தது. ஸ்டாப் போனால் அதன் கீழே இருப்பவர்களும் சேர்ந்து போகட்டும் என்று சொல்ல அந்த ஃபிரேம்வொர்க்கில் ஒரு சின்னச் சொல் உண்டு. ‘யோசித்துப் போடு’ என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. நான் யோசிக்கவில்லை, போட்டேன். எர்ரர் நின்றுவிட்டது.

அந்த வருடம் ஆடிக் கிருத்திகை வந்தது. எங்கள் ஊர் வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி வருகிற அன்று அந்த ரோட்டில் சைக்கிள்கூட நுழைய முடியாது. அதனால் மோகன் அண்ணன் வல்லக்கோட்டை ஸ்டாப் ஆட்களையெல்லாம் அன்று மட்டும் கூட்டு ரோட்டுக்கு நடந்து வந்து ஏறச் சொல்லிவிட்டு, பொறுப்பாக முந்தின நாளே கம்ப்யூட்டரிலும் அந்த ஸ்டாப்பை எடுத்துவிட்டார். கிருத்திகை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. அவரும் நிச்சயம் என்று அமுக்கியிருக்கிறார்.

கிருத்திகை அன்று காலை நான் ஆபீஸ் வேனிலிருந்து இறங்கும்போது கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம். நெற்றியில் விபூதியோடு எங்கள் ஊர் ஆட்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். நடுவில் டிபன் கேரியரோடு அப்பா.

“இன்னாண்ணே, ஏன் வெளிய நிக்கிறாங்க?” என்று செக்யூரிட்டி அண்ணனைக் கேட்டேன்.

“கம்ப்யூட்டர்ல பேரு இல்ல மேடம். பேரு இல்லாத ஆள உள்ள வுடக்கூடாதுன்னு நீங்கதான் டிரெய்னிங் குடுத்தீங்க.”

“இவரு எங்கப்பாண்ணே.”

“தெரியும் மேடம். டெய்லி அவருகிட்டதான் வெத்தல வாங்கிப் போட்டுக்கினு கீறேன். ஆனா லிஸ்ட்ல இல்லியே.”

ஓடிப்போய்ப் பார்த்தால், ஸ்டாப்போடு சேர்ந்து ஊரே போயிருந்தது. பேக்கப் எடுக்க ஒரு வழி செய்து வைத்திருந்தேன். அது தினமும் தவறாமல் காலி ஃபைலை எடுத்து வைத்திருந்தது. வேறு வழியில்லாமல் கேட்டிலேயே உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் பெயர் கேட்டுப் ‘புதிய தொழிலாளி’ ஸ்கிரீனில் ஏற்றினேன். ஏற ஏற உள்ளே போனார்கள். கடைசி ஆளும் போனபோது, கம்பெனியையே காப்பாற்றிவிட்ட கர்வத்தில் ஒரு டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் கர்வம் போய்விட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்கள் தானாக எச்.ஆர். மேனேஜரின் பிரிண்டருக்குப் போகும்படி நானே ஒரு வசதி செய்திருந்தேன். அவர் வெளியூரிலிருந்து அந்த வாரம்தான் வந்து சேர்ந்திருந்தார், ஒரு முகமும் தெரியாது. பட்டியலைப் பார்த்துவிட்டு அத்தனை பேரையும் லைனிலிருந்து வரவழைத்து, ஏ.சி. அறையில் உட்காரவைத்து, புதியவர்களுக்கான வகுப்பை ஆரம்பித்துவிட்டார். பாதிப் பேர் பிஸ்கட் கொடுக்கிறார்களே என்று வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று மதியத்துக்கு மேல், சேர்ந்த தேதி வரிசையில் இதே கம்ப்யூட்டரிலிருந்துதான் சீனியாரிட்டி பட்டியல் ஹெட் ஆபீசுக்குப் போக வேண்டும். அதில் முதலில் இருப்பவருக்குத்தான் லைன் லீடர் வேலை. லைன் லீடருக்கு நாற்காலி உண்டு, சூளைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டாம். அப்பா அந்த நாற்காலிக்காக ஒரு வருடமாக முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அப்பா கடைசிப் பக்கத்தில், அன்று காலை சேர்ந்தவர்களோடு இருந்தார். சோதனைக்காக மறைமலை நகர் ஸ்டாப்பில் ஏற்றி, எடுக்க மறந்திருந்த என் பெயர் அவருக்கு மேலே இருந்தது. அப்பாவுக்கு நான் சீனியர்.

வகுப்பறையின் கண்ணாடிக் கதவு வரை ஓடினேன். உள்ளே மேனேஜர் அப்பாவிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்.

“இந்த வயசுல புதுசா ஒரு வேலைக்கு வந்திருக்கீங்க. ரொம்பப் பாராட்டணும். இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் உண்மையைச் சொல்லிவிட எழுந்தார். அப்பா அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ‘நீ போ’ என்று லேசாகத் தலையை ஆட்டினார்.

“பக்கத்துலதான் சார்,” என்றார் மேனேஜரிடம். “வயித்துப் பாடு.”

நடந்ததை அவர் எப்போதோ புரிந்துகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் என் வேலை போகும், திறக்காவிட்டால் அவருடைய நாற்காலி போகும். அவர் பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். அந்தக் கதவுக்கு வெளியே நின்று நான் அழுதேன். இப்போது இதையெல்லாம் சிரித்துச் சிரித்து எழுதுகிறேன், அன்று சிரிப்பு வரவில்லை.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

“சார், இவங்க யாரும் புதுசு இல்ல. எல்லாரும் பழைய ஆளுங்க. நான்தான் சார் அழிச்சிட்டேன்.”

மேனேஜர் சாக்பீஸோடு திரும்பினார். “அழிச்சிட்டேன்னா?”

“கம்ப்யூட்டர்ல சார். அவரு எங்கப்பா. அவரையும் சேத்துதான்.”

மேனேஜர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஏன் சார் நீங்க ஒரு வார்த்த சொல்லல?” என்று அப்பாவைக் கேட்டார்.

“நீங்க நல்லாத்தான் சார் பாடம் எடுத்துக்கினு இருந்தீங்க,” என்றார் அப்பா. “கையில கிளவுஸ் போடணும்னு இத்தினி நாளா ஒருத்தரும் எனக்குச் சொல்லல.”

அறையே சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார், அதனால்தான் நான் பிழைத்தேன். பழைய ஃபைல்களை இறக்கி, மதியச் சாப்பாடு இல்லாமல் ஒவ்வொரு தேதியாகத் திருத்தச் சொன்னார். பட்டியல் சாயங்காலம்தான் போனது. முதல் பெயர் அப்பாவுடையது. எனக்குத் தண்டனை, அடுத்த மாதம் வந்த நிஜமான புதியவர்களோடு உட்கார்ந்து நானும் அந்த வகுப்பைக் கேட்கவேண்டும் என்பது. மோகன் அண்ணன் கேட்காமலேயே டெலீட் பொத்தானை எடுத்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த தேதிக்குத் தனியாக ஒரு கட்டமும் வைத்தேன். வைக்க ஆன நேரம் ஒரு பஜ்ஜி தின்கிற நேரம்தான்.

தேதிகள் சரியாகிவிட்டன, ஆனால் வீட்டில் அது சரியாகவே இல்லை. அன்றிலிருந்து அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, “சீனியர்” என்றுதான் கூப்பிடுவார். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் “எங்க சீனியர பத்திரமா பாத்துக்குங்க” என்று சொன்னார், அவர்கள் புரியாமல் முழித்தார்கள். மாத்திரை சாப்பிடமாட்டேன் என்று அவர் அடம்பிடித்தால், “உங்க சீனியருக்குப் போன் போடட்டுமா?” என்று அம்மா மிரட்டுவாள்.

அவர் ஓய்வு பெற்றாகிவிட்டது. நானும் சென்னைக்கு வந்துவிட்டேன், வேறு கம்பெனி, வேறு ஃபிரேம்வொர்க். ஆனால் ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் காலையில், நான் பல் துலக்குவதற்குள் போன் வந்துவிடும். பின்னால் காவடிச் சத்தம் கேட்கும்.

“சீனியர், நம்ம ஸ்டாப்ல செம கூட்டமா கீது. நான் இன்னும் கீறனான்னு ஒரு வாட்டி பாத்து சொல்லு.”

இருக்கிறீர்கள் அப்பா என்று சொல்லும்வரை அவர் போனை வைக்கமாட்டார். நானும் ஒவ்வொரு வருடமும் கொஞ்ச நேரம் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டுத்தான் சொல்கிறேன்.