பதினான்காம் நம்பர் ஜோடி

மனித சுதந்திரத்தைப் பற்றி நான் படித்தது, நானாக எடுத்த முடிவு அல்ல. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தபால் வழியில் எம்.ஏ. பொது நிர்வாகம் படித்தால் கம்பெனியில் ஒரு படி மேலே போகலாம் என்று நம்பி, பள்ளிகொண்டாவில் ஒரு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடப் போனேன். கரண்ட் போய்விடுமோ என்ற அவசரத்தில் அங்கிருந்த பெண் வேறொரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டார். ரசீதில் 'தத்துவம்' என்று இருந்தது. மாற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். (பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்களே என்றுதான் என் வாழ்க்கையின் முக்கிய முடிவுகளையெல்லாம் எடுத்திருக்கிறேன். கல்யாண மண்டபம் உட்பட.)

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடங்களைக் கேட்பேன். பாதி பாடம் தூக்கத்தில் போகும். மீதிப் பாதியை வீட்டில் பிரயோகம் செய்வேன். உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார், கையில் இல்லாததற்காக வருந்தாதே என்று ஒரு பாடம் வந்தது. அன்று சாயங்காலமே என் மனைவி வனிதாவிடம் அதைச் சொன்னேன்.

"சிலிண்டர் புக் பண்றது யார் கையில இருக்கு?" என்றாள்.

அந்தப் பாடம் அத்தோடு முடிந்தது.

அடுத்து வந்ததுதான் வில்லங்கமான பாடம். மனிதனுக்கு என்று முன்பே எழுதிவைத்த இயல்பு எதுவும் கிடையாது. தன் செயலால் தன்னை அவனேதான் உருவாக்கிக்கொள்கிறான். 'மேலே சொன்னார்கள், நான் செய்தேன்' என்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. பஸ்ஸில் எனக்கு ரோமம் சிலிர்த்தது. என் லைனில் நாற்பது பேர். தினமும் அதைச் செய், இதைச் செய் என்று நாற்பது பேரின் சுதந்திரத்தை நான் அல்லவா பறித்துக்கொண்டிருக்கிறேன்! அந்த வாரம் முழுக்க யாருக்கும் உத்தரவு போடுவதில்லை என்று தீர்மானித்தேன். (எனக்கும் ஒரு வாரம் ஓய்வு கிடைக்கும் என்பது அப்போது மனதில் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.)

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு தோலைப் போல இன்னொரு தோல் நிறம் எடுக்காது. அதனால் ஒரு ஜோடியின் இடது ஷூவையும் வலது ஷூவையும் ஒரே தோலில்தான் வெட்டுவார்கள். வெட்டியதும் இரண்டிலும் உள்பக்கம் ஒரே நம்பரைப் போடுவார்கள். ஷூ எத்தனை கை மாறினாலும் கடைசியில் அந்த நம்பரைப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். எங்கள் லைனில் நம்பர் போடுபவர் நஸ்ரீன் ஆபா; உருதுவில் ஆபா என்றால் அக்கா. பதினெட்டு வருஷமாக அதே மேஜை. எனக்கு வேலை கற்றுக்கொண்டதாக நினைப்பு வருவதற்கு முன்பிருந்தே அவர் அங்கே இருக்கிறார்.

திங்கட்கிழமை ஆபா என்னைக் கூப்பிட்டார். "சார், தோலு ரெண்டு லாட் வந்துருக்கு. ஒண்ணு டார்க்கு, ஒண்ணு லைட்டு. ஒரே வரிசையா நம்பர் போட்டுடவா, இல்ல லாட்டுக்கு லாட்டு ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கவா?"

"நீங்களே முடிவு பண்ணுங்க ஆபா."

"இன்னா சார், உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க சுதந்திரமான மனுஷி."

அவர் விடவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்டார். நான் புன்னகை செய்தேன். (அந்தப் புன்னகையை இப்போது நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.) கடைசியில் அவர் இரண்டு லாட்டையும் தனித்தனித் தட்டில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நம்பர் போட்டார். ஒழுங்கான முடிவு.

தையல் மெஷின்காரர்களும் வந்து கேட்டார்கள். ஜோடி ஜோடியாகத் தைப்பதா, இடது எல்லாவற்றையும் முடித்துவிட்டு வலதை எடுப்பதா? உங்கள் விருப்பம் என்றேன். இடது எல்லாம் முதலில் என்று முடிவு செய்தார்கள். கைக்கு அதுதான் லகுவாம். அதுவும் ஒழுங்கான முடிவுதான். இரண்டு லாட்டின் இடது ஷூக்களும் ஒரு கூடையில் கலந்தன, வலது ஷூக்கள் இன்னொரு கூடையில் கலந்தன. இப்போது எங்கள் லைனில் பதினான்காம் நம்பர் ஜோடி இரண்டு இருந்தது. ஒன்றாம் நம்பரும் அப்படியே, நூறாம் நம்பரும் அப்படியே. பேக்கிங் மேஜையில் நம்பரைப் பார்த்து ஜோடி சேர்த்துப் பெட்டியில் போட்டார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே பழுப்பாகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை, எங்கள் ஷூவை வாங்குகிற கம்பெனியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனார். பதினான்காம் நம்பர். இடது லைட், வலது டார்க். ஒன்று பால் காபி, ஒன்று கடுங்காபி. அடுத்த பெட்டியும் அப்படியே. அவர் அந்த முதல் ஜோடியைச் சாட்சிக்குப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மேனேஜர் வந்தார். லைன் நின்றது.

"இன்னா குமரேசன் இது? நம்பர் போட்டது யாரு?" என்று கேட்டுக்கொண்டே ஆபாவைப் பார்த்தார். "பதினெட்டு வருஷ சர்வீஸுக்கு இதான் லட்சணமா? நாளைக்கு வர வேணாம், போ."

நான் வாயைத் திறந்தேன். 'நான்தான் சார்' என்று சொல்லத்தான் திறந்தேன். வெளியே வந்தது இது: "அது அவங்க சுதந்திரமா எடுத்த முடிவு சார்."

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு தத்துவத்தை அதைவிடக் கேவலமாக யாரும் பயன்படுத்தியிருக்க முடியாது. ஆபா மட்டும் கோபப்படவில்லை. கையிலிருந்த பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"ஆமா சார். நம்பர் போட்டது என் கைதான். மூணு தபா கேட்டேன், இவர் சொல்லல. சொல்லாம போட மாட்டேன்னு நான் உக்காந்திருக்கலாம். உக்காரல. அதனால என் தப்புதான்."

பஸ்ஸில் ஆறு மாதமாக நான் கேட்டது அத்தனையும் அதில் இருந்தது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"சார், அவங்க கேட்டாங்க. சொல்ல வேண்டியது என் வேலை. நான் சொல்லல. அனுப்புறதா இருந்தா என்னை அனுப்புங்க." சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை, அவர் சொன்ன பிறகே சொன்னேன். அந்த அரை நிமிஷத் தாமதம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆபாவின் வேலை தப்பியது. என் வேலையும் தப்பியது, பதவி தப்பவில்லை. ஞாயிறும் திங்களும் எல்லோரும் ஷெட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஷூவாகத் தூக்கிப் பார்த்து மறுபடி ஜோடி சேர்த்தோம். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடைசியில் ஒரு ஜோடி மட்டும் சேராமல் நின்றது. இன்ஸ்பெக்டர் கொண்டுபோன பதினான்காம் நம்பரின் மிச்சம். இடது டார்க், வலது லைட். மேனேஜர் அதை என் கையில் கொடுத்து, "வெச்சுக்க" என்றார். என் காலுக்கு இரண்டு சைஸ் பெரிசு.

இப்போது நான் நம்பர் மேஜையில் ஆபாவுக்கு உதவி. புது லாட் வந்தால் அவர் வேண்டுமென்றே என் பக்கம் திரும்புவார். "சார், நீங்க சுதந்திரமான மனுஷர். இன்னா பண்ணலாம்?" நான் உடனே பதில் சொல்லிவிடுவேன். "ஒரே வரிசை ஆபா. தப்பானா என் பேரைச் சொல்லுங்க."

அந்த ஷூ எங்கள் வீட்டு ஷோகேஸில், டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது. விருந்தாளிகள் கேட்டால் வனிதா கதையை முதலிலிருந்து சொல்கிறாள். என் வசனம் வரும்போது குரலையும் என்னைப் போலவே மாற்றிக்கொள்கிறாள். பால் பொங்கினாலும், துணி சாயம் போனாலும், மகள் கணக்கில் கோட்டை விட்டாலும் எங்கள் வீட்டில் ஒரே விளக்கம்தான்: "அது சுதந்திரமா எடுத்த முடிவு சார்."

நேற்று களைத்துப்போய் வந்து உட்கார்ந்தேன்.

"தோசையா, உப்புமாவா?" என்றாள்.

"எதுனாலும் சரி."

"அப்புறம் நல்லா இல்லேன்னா என்னை மாட்டிவுடறதுக்கா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொறுப்போடு யோசித்தேன். "தோசை. என் முடிவு."

"மாவு இல்ல. உப்புமாதான்."

சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றும் நானே சொன்னேன்.