பலகையில் மிஞ்சிய ஒன்று

நாங்கள் மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்கள். எங்கள் தொழிலில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கணினியின் நினைவகத்தில் இருக்கும் ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஸ்மார்ட் பாயிண்டர் என்ற நிரல் உத்தி கணக்கு வைத்துக்கொள்ளும். பிடித்தால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனதும் பொருளுக்கு விடுதலை.

இதை ஏதோ ஒரு கருத்தரங்கில் கேட்டுப் புல்லரித்துப்போன எங்கள் மேலாளர், ஊழியர்களுக்கும் இதையே அமல்படுத்தி ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு வெள்ளைப் பலகை வந்தது. முன்மாதிரியாகத் தன் அறைக்குள்ளும் ஒன்றைப் பெரிதாக மாட்டிக்கொண்டார். ஒருவரிடம் வேலை இருப்பவர் அவர் பலகையில் ஒன்றைக் கூட்ட வேண்டும், முடிந்ததும் குறைக்க வேண்டும். பூஜ்யம் ஆகாமல் எவரும் போக முடியாது. ஆன பிறகு எவரும் இருக்க முடியாது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் எண்ணில் கை வைக்கக்கூடாது என்றும் மென்பொருளில் ஒரு விதி உண்டு. "அதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம்" என்று மேலாளர் அதை மட்டும் விட்டுவிட்டார்.

என் பக்கத்து இருக்கை அக்கா ராஜினாமா கொடுத்திருந்தார். கணவரும் மகளும் ஏற்கெனவே வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். "எப்பம்மா வருவே?" என்று மகள் தினமும் போனில் கேட்பாள். கடைசி நாளில் பலகையில் இரண்டு இருந்தது. பிடித்திருந்த இருவரும் சேர்ந்தே வந்தார்கள். இருவரும் இரண்டைப் பார்த்தார்கள், மனசுக்குள் ஒன்றைக் கழித்தார்கள். ஒருவர் 'ஒன்று' என்று எழுத, மற்றவரும் அதன் மேலேயே 'ஒன்று' என்று எழுதிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்கள்.

அக்கா மேலாளரிடம் ஓடினார்.

"சார், ரெண்டு பேரும் விட்டுட்டாங்க. கணக்குதான் தப்பு."

"பலகை பொய் சொல்லாதும்மா. யாரோ உங்களை இன்னும் பிடிச்சிட்டிருக்காங்க."

"யாரு சார்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே குழு போடப்போறேன்!"

உயர்மட்டக் குழு வந்தது. விசாரணையும் வேலைதான் என்பதால் உறுப்பினர்கள் ஐவரும் ஆளுக்கு ஒன்று கூட்டினார்கள். பலகையில் ஆறு. வாரக்கணக்கில் விசாரித்து, வரிசையில் நின்று குறைத்துவிட்டுப் போனார்கள். மறுபடியும் ஒன்று. 'அடையாளம் தெரியாத அந்த ஊழியர், கணமும் பிடி தளராத கடமை வீரர்' என்றது அறிக்கை. மேலாளர் நெகிழ்ந்துபோய், அவருக்கே சிறந்த ஊழியர் விருது அறிவித்தார்.

விழாவில் கோப்பையை வாங்க யாரும் எழவில்லை. அக்கா எழுந்தார்.

"நான்தான் சார் அது. என்னை நானே பிடிச்சிட்டிருந்தேன். இப்ப விட்டுட்டேன்."

விதியில் இதற்குத் தடை இல்லை. கோப்பையும் கையுமாக இறங்கி வந்து பலகையை அழித்தார். வாசலில் காவலாளியிடம் நுழைவு அட்டையைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மேலாளர் ரூம் பலகையையும் ஒரு தடவை பாருங்கண்ணே. மாட்டின நாள்லேருந்து அதுல யாருமே எழுதலை."

மறுநாள் காலை மேலாளரின் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.

"என்னைய்யா இது?"

"பூஜ்யம் சார். ரூல் நீங்க போட்டதுதானே!" என்றார் காவலாளி.

வயிறு குலுங்கச் சிரித்தோம். சிரித்து முடித்து, அவரவர் பலகையைத் திரும்பிப் பார்த்தோம். சிரிப்பு நின்றது.

"அண்ணே, என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்றேன், எதிர் இருக்கைக்காரரிடம்.

"நீ என்னைப் பிடி, நான் உன்னைப் பிடிக்கிறேன்."

இப்போது எந்தப் பலகையிலும் பூஜ்யம் கிடையாது. ஜோடி ஜோடியாக ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம். எங்களை எவராலும் அசைக்க முடியாது. எங்களிடம் வேலை இருப்பதாக வெளியிலிருந்து மட்டும் இதுவரை யாரும் வரவில்லை.