ஜாக்கிரதை மாமா வாங்கிய தொட்டில்

உலகத்தில் ஏமாற்றுகிறவர்கள், ஏமாறுகிறவர்கள் என்று இரண்டே வகை மனிதர்கள்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அடுத்தவர்களை ஏமாறவிடாமல் காப்பாற்றுகிறவர்கள். முதல் இரண்டு வகையோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். இந்த மூன்றாவது வகையோடு ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் கைபேசியில் இணையச் சந்தையைத் திறந்து, யாரோ கையால் பின்னிய ஒரு கூடையையோ கையால் வனைந்த ஒரு கோப்பையையோ ஆசை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தோளுக்குப் பின்னால் ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். "அது மெஷின்ல செஞ்சது" என்று அந்த மூச்சு சொல்லும். அவ்வளவுதான். கூடையும் போச்சு, ஆசையும் போச்சு.

நம்முடைய ஜாக்கிரதை மாமா இந்த இனத்தின் சிகரம். ஒரு மருந்துக் கம்பெனியின் கிடங்கில் சரக்குச் சரிபார்க்கும் வேலை. பகலெல்லாம் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தும் முத்திரைகளை உரசிப் பார்த்தும் பழகியவர், மாலையில் வீட்டுக்கு வந்து குடும்பத்தைத் தட்டி உரசத் தொடங்கிவிடுவார். நல்ல விமர்சனங்களைக் காட்டினால், "எல்லாம் சொந்தக்காரங்க எழுதினது" என்பார். மோசமான விமர்சனங்களைக் காட்டினால், "போட்டிக் கடைக்காரன் எழுதினது" என்பார். நடுத்தரமாக ஒன்று இருந்தால்? "யாரோ தூக்கக் கலக்கத்துல எழுதியிருக்கான்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதில் அவருக்கு இணை கிடையாது. தையல் நேராக இருந்தால் இயந்திரம். கோணலாக இருந்தால் மட்டமான வேலை. கடை பழையதென்றால் யாரோ விற்றுவிட்டுப் போன கணக்கு. புதியதென்றால் நேற்று முளைத்த திருடன். இணையத்தில் அவர் இதுவரை ஒருமுறைகூட ஏமாந்ததில்லை. எதையும் வாங்கியதும் இல்லை.

ஆனாலும் அவர் வீடு நிறையக் கைவேலைப் பொருள்கள்தான். பூ ஜாடி, பின்னல் விரிப்பு, மரத்தில் செதுக்கிய சாவி மாட்டி. "ஏது இது?" என்று கேட்டால், மனைவி, மகள், தங்கை எல்லோருக்கும் ஒரே பதில்: "யாரோ சும்மா கொடுத்தாங்க." தன் குடும்பத்தின் மேல் ஊருக்கே இத்தனை பிரியமா என்று மாமாவுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

இப்படிப்பட்டவர் வீட்டில், மாடியில் குடியிருந்த மகளுக்குக் குழந்தை பிறக்கும் நாள் நெருங்கியது. மாமிக்கு ஒரே ஓர் ஆசை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் பேரப்பிள்ளை கையால் செய்த மரத்தொட்டிலில் படுக்க வேண்டும். பூ ஜாடி மாதிரி ஒளித்து வைக்கிற பொருளா அது? அதனால் கணவரிடமே சொன்னாள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ ஒண்ணும் பண்ணாத. தொட்டில் என் பொறுப்பு" என்றார்.

மாமி ஏற்கனவே ஒரு தச்சம்மாவின் கடையைப் பார்த்து வைத்திருந்தாள். தன் பட்டறையில் தானே மரம் இழைத்துத் தொட்டில் செய்கிறவள். வாங்கியவர்கள் தங்கள் குழந்தையோடு படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். அளவு, எடை, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பும் வழி எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. இவ்வளவு தெளிவே மாமாவுக்குச் சந்தேகமாக இருந்தது. விசாரணை தொடங்கியது.

எந்த மரம்? எங்கே வெட்டினது? யார் வெட்டினது? கையால் செய்ததற்கு என்ன அத்தாட்சி? தச்சம்மா, பலகையின் மேல் இழைப்புளி ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பினாள். "கை தெரியுது, முகம் தெரியலையே. யார் கையோ!" என்று மாமா பதில் போட்டார். அவள் முகம் தெரிய இன்னொன்று அனுப்பினாள். "இப்ப முகம் தெரியுது. கை எங்க?"

கடைசியில் ரம்பச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் செய்தி வந்தது. "அண்ணே, உங்களுக்குப் பதில் சொல்ற நேரத்துல நான் ஒரு தொட்டிலே முடிச்சிருப்பேன். வேணும்னா தளத்துலயே ஆர்டர் போடுங்க. பொருள் உங்க கைக்கு வர்ற வரைக்கும் காசு அவங்ககிட்டதான் இருக்கும். பிடிக்கலைன்னா திருப்பி அனுப்புங்க. இதுக்கு மேல என்ன சொல்றது?"

"பாத்தியா?" என்று மாமா மாமியிடம் திரும்பினார். "கோவம் வருது. நேர்மையான ஆளுக்கு எதுக்குக் கோவம் வரணும்?"

"எனக்கும்தான் தினம் கோவம் வருது. நான் என்ன திருடியா?" என்றாள் மாமி.

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. அதற்குள் அவர் 'பரம்பரைத் தொட்டில் கலைக்கூடம்' என்ற இன்னொரு கடைக்குள் நுழைந்துவிட்டிருந்தார். அங்கே என்ன மரியாதை! இவர் கேள்வி கேட்டு முடிக்குமுன் பதில் வந்து நின்றது. முத்திரை குத்திய சான்றிதழ் வந்தது. வெள்ளைத் தாடி வைத்த ஒரு கைவினைஞர் தொட்டிலைத் தடவிக்கொண்டிருக்கும் படம் வந்தது. அதில் கையும் தெரிந்தது, முகமும் தெரிந்தது. பிறகு கடைக்காரர் தானே அழைத்தார்.

"கேளுங்க சார், இன்னும் கேளுங்க. இப்படித் துருவித் துருவிக் கேக்கற ஆளைப் பாத்து எத்தனை நாளாச்சு! நீங்க தரக் கட்டுப்பாட்டுத் துறையா சார்?"

"அந்த மாதிரிதான்" என்றார் மாமா. குரல் குழைந்தது.

"நினைச்சேன் சார். தளத்துல பணம் கட்டினா பாதுகாப்புன்னு சொல்வாங்க. அதெல்லாம் விவரம் தெரியாத ஜனங்களுக்கு. உங்களை யாரு சார் ஏமாத்த முடியும்? எனக்கு நேரா அனுப்பிடுங்க. கமிஷன் மிச்சம், தொட்டிலுக்கு மெத்தை இலவசம்."

தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதே என்பதுதான் அந்த வீட்டின் முதல் சட்டம். மாமா அதைக் குடும்பத்துக்குச் சொல்லிச் சொல்லிப் பதிய வைத்ததில், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எல்லோரும் ஒப்பிப்பார்கள். மாமியும் இப்போது அதைத்தான் ஒப்பித்தாள். "அது உங்களுக்குச் சொன்னது" என்று சொல்லிவிட்டு மாமா பணத்தை அனுப்பினார். மாமி தன் கைபேசியை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுப் பல் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். திரும்பி வரும்போது அவள் முகம் தெளிந்திருந்தது.

மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்த அன்று தொட்டில் வந்தது. தட்டையாக வந்தது. அட்டைப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே தொழிற்சாலையில் அறுத்த பலகைத் துண்டுகள், ஒரு பை நிறையத் திருகாணி, எந்த மொழி என்றே தெரியாத விளக்கத்தாள். மரம் மாதிரி தெரிந்தது மேலே ஒட்டிய காகிதம். மெத்தை இல்லை. கைவேலை இருந்தது, அத்தனையும் மாமாவின் கைக்கு.

கடைக்காரர் எண் உயிரோடு இல்லை. கடையும் கம்பி நீட்டிவிட்டது. தளத்துக்குப் புகார் எழுதினால், "இந்தப் பணம் எங்கள் வழியாக வரவில்லையே" என்று வெகு பணிவாகப் பதில் வந்தது. இதற்குள் பேத்தி பிறந்து, வீட்டுக்கு வரும் நாளும் வந்துவிட்டது. மாமா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திருகாணிகளோடு தரையில் உட்கார்ந்தார். எப்படியோ நான்கு கால் வைத்து நிறுத்தி, ஒரு தலையணையைப் படுக்க வைத்து ஆட்டிப் பார்த்தார். தொட்டில் ஆடவில்லை. அடிப்பலகை மட்டும் கழன்று, தலையணை தரைக்கு வந்து சேர்ந்தது. தலையணை இருந்த இடத்தில் பேத்தியை நினைத்துப் பார்த்துவிட்டார். பாவம், திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

மாமி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. "எழுந்திருங்க, குழந்தையைக் கூட்டிட்டு வரணும்" என்றாள்.

பேத்தியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குள் வந்தபோது, கூடத்தில் ஒரு மரத்தொட்டில் நின்றது. வழவழவென்று, விளிம்பெல்லாம் உருட்டி, மெழுகு வாசனையோடு.

"ஏது இது?" என்றார் மாமா.

"டாக்டரம்மா சும்மா கொடுத்தாங்க" என்றாள் மாமி. பக்கத்தில் நின்ற டாக்டரம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

மாமா குனிந்தார். தலைமாட்டுப் பலகையில், ஓரமாக, கண் மாதிரி ஒரு மரக்கணு இருந்தது. தச்சம்மா அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தவருக்கு, அந்தக் கணு தெரியாமல் போகுமா? இழைப்புளிக்குக் கீழே அவர் பார்த்த அதே பலகை. கேட்பதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் மகள் குழந்தையைத் தொட்டிலில் படுக்க வைத்துவிட்டாள். அது ஒரு கொட்டாவி விட்டு, எந்த விசாரணையும் இல்லாமல் தூங்கிப்போனது. மாமா ஒரு விரலால் தொட்டிலை மெல்லத் தள்ளினார்.

"நல்லா ஆடுது" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

திருந்திவிட்டார் என்று அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். அன்று சாயங்காலமே டாக்டரம்மாவை வாசலில் நிறுத்தி, "மேடம், நீங்க இதை எங்க வாங்கினீங்களோ தெரியாது, ஆனா அடுத்த தடவை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் சித்தப்பாவோ மேலதிகாரியோ நினைவுக்கு வந்திருப்பார். இருக்கட்டும். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டுக்குள் ஒரு நடை நடந்து பாருங்கள். அலமாரியில் இருக்கும் அந்தப் பூ ஜாடி எப்படி வந்தது என்று கேளுங்கள். "யாரோ சும்மா கொடுத்தாங்க" என்று பதில் வந்தால், மேற்கொண்டு ஒன்றும் கேட்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பொட்டலங்களையெல்லாம் இத்தனை நாளும் வாங்கி வைத்ததற்கு, எதிர் வீட்டுக்குப் போய் ஒரு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.