ஏழு பாட்டன்மார் குடியேறிய இணையதளம்

மனைவியின் இணையதளத்தைத் தலைகீழாக மாற்றிக் காட்டுவது என்று எசென்பெக் சபதம் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். கேட்டதும் ஏரிக்கரையிலுள்ள கரகோல் நகரமே எழுந்து கைதட்டும் என்று எதிர்பார்த்தார். சமையலறையில் மனைவி புருல் மட்டும் தட்டினாள். அதுவும் ரொட்டி மாவை.

புருல் மனநல ஆலோசகர். தமாரா பெத்ரோவ்னா என்ற ரஷ்ய அம்மாளோடு சேர்ந்து, சந்தைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்து, மனசு சரியில்லாதவர்களை உட்காரவைத்துப் பேசுகிறாள். அதற்கு ஓர் இணையதளமும் இருந்தது. சாம்பல் நிறம், நடுவில் ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணுக்கு அழைப்பு வந்து மாதக்கணக்காகிறது. பனி கொட்டுவதற்குள் ஆள் வராவிட்டால் அறையைக் காலிசெய்துவிட்டு அவள் பழையபடி பள்ளிக்கூடத்துக்குச் சாக்கட்டி பிடிக்கப் போகவேண்டியதுதான். புருலின் முகத்தில் சிரிப்பு குறைந்ததற்கு அதுதான் காரணம். எசென்பெக்கால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அவர் சாதாரண ஆளா? கல்யாண அழைப்பிதழ் வடிவமைப்பதில் ஏரிக்கரை முழுக்கப் பேர் போனவர். தங்க எழுத்து, ரோஜாக் கொத்து, இரட்டைப் புறா என்று ஊரில் பாதிப் பேரைக் குடும்ப வாழ்க்கைக்கு அனுப்பிவைத்தவரே அவர்தான். அப்படிப் போனவர்களில் சிலர் புருலிடம் வந்து சேரவேண்டும் என்பதுதானே நியாயம்!

மூன்றே நாளில் வேலை முடிந்தது. புருலைக் கணினி முன் உட்காரவைத்து, காலையிலேயே இணையத்தில் ஏற்றிவிட்ட பக்கத்தைத் திறந்தார். கோமுஸ் வாத்தியம் காதைப் பிளந்தது.

"இது என்னங்க சத்தம்?"

"வரவேற்பு இசை!"

"மாமியாருக்குத் தெரியாம போர்வைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுப் பாக்குறவ, இந்தச் சத்தத்துல செத்தே போயிடுவாளே!"

"சரி, சத்தத்தைக் குறைச்சுடறேன். கீழே பாரு."

கீழே ரோஜாக்களுக்கு நடுவில் வரிசையாகப் பெயர்கள்.

"இவர் யாரு?"

"எங்க தாத்தாவோட தாத்தா."

"இவர் எதுக்கு இங்க வந்தாரு? இவருக்கும் மனசு சரியில்லையா?"

"ஏழு பாட்டன் பேரையும் போட்டிருக்கேன் புருல். எந்த வம்சம்னு தெரியாம யாராவது நம்பி வருவாங்களா?"

"தெரிஞ்சா ஒரு ஈ காக்கா வராது! இந்த ஊர்ல ரெண்டு பேர் பாட்டன் பேரைச் சொல்லிக்கிட்டா மூணாவது பாட்டன்லயே சொந்தமாயிடறாங்க. மனசுல இருக்கறதைச் சொந்தக்காரங்க காதுல போடறதுக்கு என்கிட்ட எதுக்கு வரணும்? சந்தையில நின்னு கத்திட்டுப் போகலாமே!"

பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. எசென்பெக் மீசையை முறுக்கினார். புருல் எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண்குரல் தயங்கித் தயங்கிச் சொன்னது: "இணையதளம் பாத்தேங்க. உங்க வீட்டுக்காரர் எங்க மாமனாருக்குப் பங்காளி முறை ஆகுதாம். மன்னிச்சுக்கோங்க." அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

மாதக்கணக்கில் வந்த முதல் அழைப்பு. மீசை தானாகவே இறங்கிக்கொண்டது.

புருல் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாலூற்றிய தேநீரை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"சட்டை தைக்கறவன் அளவெடுக்காம தைப்பானாங்க? வர்றவங்க உட்கார்ற இடத்துல ஒருநாள் நீங்களும் உட்கார்ந்து பாருங்க. அப்புறம் எழுதுங்க."

"நானா? எனக்கு என்ன குறைச்சல்?"

"உங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க. சும்மா நடிங்க. வேற பேரு வெச்சுக்கிட்டு, ஏதாவது ஒரு கஷ்டத்தைக் கற்பனையாச் சொல்லுங்க. நான் உள்ளேயே வரமாட்டேன். வீட்டு ஆளுக்கு வீட்டு ஆளே ஆலோசனை சொல்றது எங்க தொழில் தர்மத்துல கிடையாது. தமாராம்மா பாத்துக்குவாங்க."

செவ்வாய்க்கிழமை எசென்பெக் 'குபாத்' என்ற பெயரில் அந்த அறைக்குள் நுழைந்தார். அறையில் கதகதப்பு. தமாரா பெத்ரோவ்னா எந்த ஊர், எந்த வம்சம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சொல்லுங்க குபாத்" என்றார், அவ்வளவுதான்.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான்னு வெச்சுக்கோங்க," என்று குபாத் ஆரம்பித்தார். "அவன் பையன் கல்யாணத்துல, விருந்துல, எல்லாருக்கும் வயசு, உறவு மரியாதைப்படி எலும்போட கறி வெச்சான். எனக்கு வரவேண்டியது இடுப்பெலும்பு. கூடப் பிறந்த அண்ணனாச்சே! தட்டைப் பாக்கறேன், முன்னங்கால் எலும்பு! சின்னப் பசங்களுக்கு வைக்கிறது! இடுப்பெலும்பு சம்பந்தி வீட்டுக்குப் போயிடுச்சு. எழுந்து வந்தவன்தான். ரெண்டு வருஷமாப் பேச்சில்லை."

"இடுப்பெலும்பு வந்திருந்தா?"

"தின்னிருக்கவே மாட்டேங்க. எனக்குப் பல்வலி."

"அப்புறம் எதுக்கு அது?"

குபாத் பதில் சொல்ல வாயெடுத்தார். கண்ணீர் முந்திக்கொண்டது.

"அவன் என்னை அண்ணனா நெனைக்கிறான்னு தெரிஞ்சிருக்கும்," என்று கடைசியில் சொன்னார். மூக்கைச் சிந்திவிட்டு, "கற்பனைதான்," என்று சேர்த்துக்கொண்டார்.

தமாரா பெத்ரோவ்னா தலையாட்டி, கண் துடைக்கக் காகிதக் கைக்குட்டையை நீட்டினார். இதை இத்தனை நாள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று எசென்பெக்குக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். உப்பும் மிளகும் சேர்த்துத் தம்பியிடம் கொண்டுபோய்ப் பரிமாறிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து புருலிடம், "ஒரு தடவை போதாது. ஆராய்ச்சி இன்னும் பாக்கி இருக்கு," என்றார்.

"அதுக்கென்ன, நிதானமாப் பண்ணுங்க," என்றாள் புருல்.

ஆராய்ச்சி செவ்வாய்தோறும் நடந்தது. நடுவில் ஒருநாள் ரோஜாக்களைப் பிடுங்கினார், கோமுஸை நிறுத்தினார், ஏழு பாட்டன்மாரையும் கும்பிட்டு வெளியே அனுப்பினார். வெள்ளைப் பக்கத்தில் இரண்டே வரி எழுதினார்: 'இங்கே உங்கள் பாட்டன் பெயரை யாரும் கேட்கமாட்டார்கள். தேநீர் உண்டு.' கீழே எண்.

அந்த வாரமே தொலைபேசி அடித்தது. மறுநாளும் அடித்தது. முதல் பனி விழுவதற்குள் அறைக்கு வெளியே இன்னொரு பெஞ்சு போடவேண்டியதாயிற்று. "உங்களாலதாங்க," என்று புருல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. எசென்பெக்குக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவிலேயே தொலைபேசியை எடுத்துத் தம்பி தாலாயை அழைத்தார்.

"அண்ணே! நானே கூப்பிடணும்னு இருந்தேன் அண்ணே!"

"எப்படிடா இருக்கே?"

"தப்பு என்னோடதுதான். சம்பந்திக்காரங்களைப் பாத்து மிரண்டுபோய் உங்க தட்டைக் கோட்டை விட்டுட்டேன்."

"அட விடுடா, எலும்புதானே!" இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்கள். "நீ எப்படா இப்படி மனசுவிட்டுப் பேசக் கத்துக்கிட்டே?"

"எங்கே அண்ணே கத்துக்கறது! வேலையே சரியா இருக்கு. அண்ணி ஆபீஸ்ல ஹீட்டர் மாட்டிக் குடுத்தேன். அறை சரியாச் சூடேறுதான்னு வியாழக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாக்கச் சொல்லிட்டாங்க. சும்மா உட்கார வேண்டாமேன்னு அந்த ரஷ்யம்மா ஏதாவது கற்பனையாப் பேசச் சொன்னாங்க. நானும் எனக்கு ஒரு அண்ணன் இருக்கற மாதிரி..."

எசென்பெக் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். புருல் அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் பழைய சிரிப்பு முழுசாகத் திரும்பியிருந்தது.

"புருல்..."

"என்னங்க?"

"ரொம்ப நன்றி."

"எதுக்குங்க?"

எசென்பெக் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஹீட்டருக்கு."