பதினைந்தாவது கடற்கரை

"இல்லை என்று குறிப்பிடப்படும் படிவங்கள் ஏற்கப்படமாட்டா" என்று சிவப்பு மையில் எழுதி, மூன்றாவது முறையாகவும் அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

எழுத்தர் குமாரசாமி சன்னலுக்கு வெளியே பார்த்தார். பரமத்தி வேலூர் பஸ் கிளப்பிவிட்டுப் போன புழுதி தெரிந்தது. டீக்கடை தெரிந்தது. கடல் தெரியவில்லை. மூன்று மாதமாகத் தேடுகிறார், அந்த வட்டாரத்தில் எங்கேயும் அகப்படவில்லை.

படிவத்தின் பெயர் 'கடல்வளப் பொருளாதார வளர்ச்சி, காலாண்டு அறிக்கை'. நாடு முன்னேற வேண்டுமானால் கடலை விட்டால் வேறு வழியில்லை என்று மேலிடத்தில் யாரோ அந்த 1984ஆம் வருஷம் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லா ஊராட்சி ஒன்றியங்களுக்கும் ஒரே படிவம் பறந்துவிட்டது.

"என்னய்யா, இன்னும் அனுப்பலையா?" என்றார் ஆணையர் ஆரோக்கியசாமி. சேலம் டவுன்காரர். காகிதம் தன் மேசையைவிட்டு நகர்ந்தால் போதும் அவருக்கு.

"நம்ம ஒன்றியத்துல கடல் இல்லீங்களே, சார்."

"அதை என்கிட்ட சொல்லி? இந்த வாரம் போகலைன்னா மெமோ வரும். மெமோ வந்தா மாற்றல். ராமநாதபுரத்துக்குப் போய் நேர்லயே கடலைப் பார்த்துக்க."

குமாரசாமி ஒன்றரை ஏக்கரில் வெற்றிலைக் கொடிக்கால் போட்டிருக்கிறார். அதை விட்டு நான்கு நாள் சேர்ந்தாற்போல் எங்கும் இருந்ததில்லை. தைரியசாலி என்று அவரை யாரும் சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை.

சாயங்காலம் காவிரிக்கரையில் பரிசல்காரர் ரங்கனைக் கண்டதும் அவருக்கு மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

மறுநாள் படிவத்தில் எழுதினார். படகு: ஒன்று. மீனவர்: ஒருவர். 'பிடித்த மீன்' என்ற இடத்தில்தான் கை நின்றது. ரங்கன் மீன் பிடிப்பதில்லை, அக்கரைக்கு ஆள் ஏற்றுகிறவர். கடைசியில் ஏற்றிய ஆட்களின் எடையைக் கூட்டிப் போட்டுவிட்டார். அந்தக் கணக்கில் அவருடைய மாமியார் சென்னியம்மாளும் வாரத்துக்கு இரண்டு தடவை பிடிபட்டார்.

படிவம் திரும்பவில்லை. கடிதம் வந்தது: "வளர்ச்சி எங்கே?"

அடுத்த காலாண்டு படகு இரண்டு. அதற்கடுத்து நான்கு. பிறகு எட்டு, பதினாறு. முதல் தடவை பொய் எழுதியபோது எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போனது. ஐந்தாவது தடவை கையெழுத்து முன்னைவிட அழகாக விழுந்தது.

அப்புறம் புது உத்தரவு. கடல்வளம் வருங்காலச் சந்ததிக்கும் மிச்சப்பட வேண்டும். ஆகவே மீன்கள் முட்டையிடும் நாற்பது நாளும் எல்லாப் படகுகளையும் நிறுத்தி, படகோட்டிகளின் கைநாட்டு வாங்கி அனுப்ப வேண்டும்.

இல்லாத பதினைந்து படகுகளும் மறுபேச்சில்லாமல் நின்றுவிட்டன. இருந்த ஒன்றுதான் தகராறு பண்ணியது.

"நான் மீனே புடிக்கறதில்லீங்களே, சாமி. ஆளைத்தானுங்க ஏத்தறேன்."

"அதைத்தான் ரங்கா மீன்னு எழுதியிருக்கறேன். கொஞ்சம் பொறுத்துக்க."

பரிசல் கவிழ்ந்து கரையில் கிடந்தது. அக்கரையில் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்காமலே திரும்பினார்கள். கரூர் சந்தைக்குப் போகவேண்டிய வெற்றிலைக் கட்டுகள் இக்கரையிலேயே வாடின. அதில் பாதி குமாரசாமியின் கொடிக்காலில் பறித்தவை.

"ஏனுங்க, எந்தக் கிறுக்கனுங்க பரிசலை நிறுத்தச் சொன்னது?" என்று மனைவி வள்ளியாத்தாள் கத்தினாள்.

"மேலிடத்து உத்தரவு" என்று அந்தக் கிறுக்கர் சொன்னார்.

நாற்பது நாள் முடிந்ததும் இடி விழுந்தது. கடல்வள வளர்ச்சியில் இந்த ஒன்றியத்துக்கு மாநிலத்திலேயே பதினைந்தாம் இடமாம். முன்னால் பதினான்கு பேர். அவர்களெல்லாம் நிஜக் கடலை வைத்திருப்பவர்கள், அவர்களோடு போட்டி போட முடியுமா என்று குமாரசாமி நொந்துகொண்டார். பின்தங்கியதற்குக் காரணம் விசாரிக்கச் சென்னையிலிருந்து அதிகாரியே வருகிறாராம்.

"பதினாறு படகும் கரையில நிக்கணும். இல்லைன்னா நீ ராமநாதபுரம். நான் எங்கேன்னு எனக்கே தெரியல" என்றார் ஆரோக்கியசாமி.

ஆற்றோரம் முழுக்க அலைந்ததில் பதினொரு பரிசல் தேறியது. மிச்சம் ஐந்துக்கு, கரும்பாலைகளில் வெல்லம் காய்ச்சும் இரும்புக் கொப்பரைகளை வண்டியில் ஏற்றி வந்து தண்ணீரில் இறக்கினார். மிதந்தன. ஆளுக்கொரு வலையைத் தோளில் போடச் சொன்னார். வலை கிடைக்காதவர்கள் வைக்கோல் கட்டும் கயிற்றைப் போட்டுக்கொண்டார்கள்.

அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. புழுதி படிந்த சட்டை, பல நாள் தூங்காத கண். இறங்கினவர் நுங்கும் நுரையுமாக இரு கரை தொட்டு ஓடிய ஆற்றையே பார்த்தபடி நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு கொப்பரை ஒருபக்கம் சாய்ந்து, வெல்ல வாசனையோடு முழுகிப்போனது. அதிலிருந்தவர் கயிற்றை விடாமல் நீந்திக் கரையேறி, அதிகாரிக்கு ஒரு கும்பிடும் போட்டார்.

குமாரசாமியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"ஐயா, மன்னிச்சுருங்க. இது கடல் இல்லீங்க. ஆறுங்க. அது படகு இல்லீங்க, கொப்பரைங்க. மீனுன்னு எழுதுனதுல எங்க மாமியாரும் இருக்கறாங்க. எங்க வேணா மாத்திக்கோங்க, பொய்யி எழுதி எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

அதிகாரி குனிந்து தண்ணீரில் கையை விட்டார்.

"ஈரமா இருக்கு" என்றார். "ஆழம் எவ்வளவு?"

"ரெண்டாள் இருக்குமுங்க."

முகத்தைக் கழுவிக்கொண்டார். கண்ணைத் துடைத்த மாதிரியும் இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் பதினைந்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். குமாரசாமியின் கையைப் பிடித்து இரண்டு தரம் குலுக்கிவிட்டு, ரங்கனின் பரிசலில் போய்ச் சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

குமாரசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜீப்பில் சாய்ந்து பீடி பற்றவைத்த டிரைவர் சவரியாரிடம் போனார்.

"ஏனுங்க, உங்க ஐயாவுக்கு உடம்புக்குக் கிடம்புக்கு ஏதாச்சுமா? முதலிடம்னு எழுதறாருங்களே?"

சவரியார் புகையை ஊதினார்.

"கடலோரத்து ஊருங்க ஒண்ணுகூட இன்னும் படிவம் அனுப்பலைங்க, அவங்களுக்கு மீன் புடிக்கவே நேரம் பத்தல. உங்களுக்கு முன்னால இருக்கற பதினாலு ஊரையும் ஒரு மாசமாப் பார்த்துட்டு வர்றோம். தண்ணியைக் காட்டுனது நீங்க ஒருத்தர்தானுங்க."