பொத்துவில் பஸ்ஸில் நான் முடித்து வைத்த கலியாணம்

எங்கள் பக்கத்து பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவனுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் சமாளித்துவிடலாம். யாருக்குப் பக்கத்தில் யாரை இருத்துவது என்று தெரியாவிட்டால் தொலைந்தான். அந்நிய ஆணுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை இருத்திப் பாருங்கள், கல்முனையில் தொடங்கும் ஏச்சு பொத்துவில் வரைக்கும் ஓயாது.

வாப்பா இந்த வேலையில் மன்னன். அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் அவருடைய தோல் பை என் தோளுக்கு வந்தது. (எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அல்லது நான் அதை.) பஸ்ஸின் சொந்தக்காரரும் சாரதியும் சலீம் காக்காதான். அவர் சொன்னார்:

"வாப்பாட இடத்தத் தாறன். ஒரு முறைப்பாடு வந்தாலும் வேற ஆளப் பாப்பன், சரியா?"

"ஓம் காக்கா."

உம்மா, புருஷனை இழந்தவள் இருக்கும் இத்தாவில், வாசலைத் தாண்டாமல் வீட்டுக்குள் இருந்தார். தங்கச்சி படிக்கிறாள். அந்தப் பை போனால் எங்கள் அடுப்பும் போச்சு.

அதே கிழமைதான் வங்கி அட்டையைத் தட்டினால் காசு எடுக்கும் மெஷினும் பஸ்ஸுக்கு வந்தது. வாப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத முதல் சாமான்.

அக்கரைப்பற்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண் முன் கதவால் ஏறினாள். அலையில் சறுக்கும் பலகையோடு ஒரு வெள்ளைக்காரன் பின் கதவால் ஏறினான். இருந்ததோ முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட். புருஷன் பெண்சாதியைப் பிரிப்பதா? பின் சீட்டில் இருந்த ஒரு ராத்தாவை எழுப்பி முன்னுக்கு அனுப்பி, இரண்டு பேரையும் ஒன்றாக இருத்தினேன். (இரண்டு பேரும் வெள்ளை என்றால் சோடி என்று எனக்கு யார் சொன்னது? ஒருத்தரும் சொல்லவில்லை.)

அவள் அட்டையை நீட்டினாள். இரண்டு டிக்கெட் அமத்தினேன். டிங்! அவனும் அட்டையை நீட்டினான். என்னிடம் இருந்த இங்கிலீஷ் முழுவதையும் செலவழித்தேன்.

"நோ, நோ! வைப் பே! பினிஷ்!"

இரண்டு டிக்கெட் என்று வந்த துண்டைப் பார்த்த அவள் சிவந்துபோனாள். "நொட் மை ஹஸ்பன்ட்!"

"என்னவாம்?" என்றார் ராத்தா.

"புருஷன் இல்லயாம்."

"கோவத்துல அப்பிடித்தான் சொல்லுற. நானும் எத்தின தரம் சொல்லியிரிக்கன்!"

ராத்தா எழும்பி வந்து ஒரு வாழைப்பழத்தை உரித்து, ஆளுக்குப் பாதியாகக் கையில் திணித்தார். "தின்னுங்க புள்ள. சண்ட எல்லார்ட ஊட்டயும் வாறதான்."

அவன் இடம் மாறப் பார்த்தான். நான் தோளைப் பிடித்து அமத்தினேன். "சிட், சிட். வைப் பாவம்."

அவள் போனில் எதையோ எழுதி, தமிழாக்கி, என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் எழுத்துக்கூட்டி, முழு பஸ்ஸுக்கும் கேட்க வாசித்தேன்: "எனக்கு இந்த மனிதரைத் தெரியாது. நீங்கள்தான் என்னை இவர் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள்."



"அல்லாஹ்வே!" என்றார் ராத்தா. (பழம் கொடுத்த அதே ராத்தா!) "அந்நிய ஆம்புளைக்குப் பக்கத்துலயாடா இந்தப் புள்ளய இருத்தின? உன்ட வாப்பா இருந்தா இப்பிடி நடக்குமா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் நான் உடைந்துபோனேன். வாப்பாவின் மையித்தை அடக்க எடுக்கும்போது அழாதவன், மிதிபலகையில் குந்தி, பை நனைய நனைய அழுதேன். டிக்கெட் காசுக்குத்தான் அழுகிறேன் என்று வெள்ளைக்காரன் பயந்திருக்க வேண்டும். ஓடி வந்து மெஷினில் அட்டையைத் தட்டினான். திரும்பவும் தட்டினான். தொகை அமத்தாத மெஷின் என்ன செய்யும்? கடைசியில் அட்டையாலேயே என் தோளைத் தட்டினான். அவள் போனை நீட்டினாள்: "அழ வேண்டாம், சகோதரரே."

பொத்துவிலில் இரண்டு பேரும் சிரித்துக் கதைத்தபடி ஒரே ஓட்டோவில் ஏறினார்கள்.

"நான் சொன்னன்தானே!" என்றார் ராத்தா.

சலீம் காக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "முறைப்பாடு ஒண்டும் வரல்ல. கலியாணச் சோறு எப்பயாம்?" பிறகு, "நாளைக்கு நேரத்தோட வா" என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். இத்தா வீட்டில் சிரிப்புச் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று உம்மா முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நடுவில் அது அழுகையாகி, திரும்பச் சிரிப்பானது.

இப்போது எங்கள் குடும்பத்தில் எங்கே கலியாணப் பேச்சு வந்தாலும், "தரகர் என்னத்துக்கு? நம்மட கண்டக்டர் இரிக்கான்" என்பாள் தங்கச்சி. உம்மா அப்படிச் சொல்வதில்லை. காலையில் நான் பையை மாட்டும்போது மட்டும் சொல்வார்:

"மனே, கேட்டுப்போட்டு இருத்து."