இரண்டாவது கமா

வரலட்சுமி அன்றைக்கும் இரண்டாவது கமாவைப் போடவில்லை.

திருத்தணி பஜாரில், மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாஸ்டர் இளங்கோவன், சிவப்புப் பென்சிலால் அந்த இடத்தைச் சுழித்தான். உள்ளுக்குள் அவனுக்குச் சந்தோஷம்தான். தப்பு இருக்கிறவரை பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் அவள் வந்துகொண்டிருப்பாள். லோயர் பரீட்சையைப் பாஸ் பண்ணிவிட்டால் எதற்கு வரப்போகிறாள்?

"இங்கிலீஷ் வாக்கியத்துக்கு நடுவுல வர்ற உபரித் தகவலை எடுத்துட்டாலும் மிச்சம் முழுசா நிக்கணுங்க. அப்படின்னா அதுக்கு முன்னாடி ஒரு கமா, பின்னாடி ஒரு கமா."

"ஆங் சார்" என்றாள். மறுநாள் முன்னாடி மட்டும் போட்டாள்.

விரல்கள் என்னவோ முதல் நாளிலிருந்தே எழுத்துகளைப் பார்க்காமல் ஓடின. நெசவுக் குடும்பம், கை தானாக வருகிறது என்று அவன் தீர்மானித்துக்கொண்டான். மாஸ்டர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் தாளை உருவிக்கொண்டே சொன்னாள்: "நைனா என்னை நகரி அத்தை மவன் பாவாவுக்குக் கட்டிக்குடுக்கப் பேசிகினு இருக்காரு சார்." சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

இளங்கோவன் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தான். பாஸ் பண்ணினால் வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் அவள் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று யோசித்தான். தன் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எப்பாடுபட்டாவது அவளைப் பரீட்சையில் தேறவைக்க முனைந்தான். ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னான். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு கமாவையும் விட்டாள். குழந்தைகள் பாடத்திலிருந்து சுலபமான வாக்கியங்களாகப் பார்த்துக் கொடுத்தான். முற்றுப்புள்ளியும் போயிற்று.

பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நாள் நெருங்கியது. மாணவிமேல் ஆசை வைத்ததற்கு முருகன் அவள் படிப்பில் கை வைத்துவிட்டான் என்று இளங்கோவன் முடிவுக்கு வந்தான்.

"எங்கிட்ட உங்களுக்கு இது வராதுங்க. அரக்கோணத்துல நல்ல மாஸ்டர் ஒருத்தர் இருக்காரு. நாளையிலேர்ந்து அங்க போங்க."

"போய்த்தான் ஆவணுங்களா சார்?"

"ஆங்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் படியிறங்கினாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவள் தலை மறைகிறவரை ஜன்னலில் நின்று பார்த்தான். இனிமேல் விடிந்தால் என்ன, விடியாவிட்டால் என்ன என்றிருந்தது.

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த, அதே பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் வருகிற தாயம்மாள் துடைப்பத்தை நிறுத்தினாள். அந்தப் பெண் ஏன் அழுதுகொண்டு போகிறாள் என்று கேட்டாள். அரக்கோணத்து மாஸ்டரிடம் அனுப்பியதைச் சொன்னான்.

"அவருகிட்ட போன வருசமே லோயர் பாஸ் பண்ணிட்டுத்தானே சார் அது இங்க வந்துகினு இருக்குது."